பேண்ட் பையில் கிடந்த பேட்டரி

ருஸ்மான் காங்,

சோறு மூடி வச்சிருக்கேன். தெம்பே வறுவல் பக்கத்துல இருக்கு. சம்பல் காரம்தான், குறை சொல்லாம சாப்பிடுங்க.

நேத்து நான் கத்தினது நீங்க அந்த மின் சிகரெட்டை, வேப்பை இழுக்கறதுக்காக இல்ல. துவைக்க எடுத்த உங்க பேண்ட் பையில சாவிக்கொத்து, சில்லறையோட வேப் பேட்டரியும் கிடந்துச்சு. மேலுறை வேற கிழிஞ்சிருந்துச்சு. சாவி பட்டு அது தீப்பிடிச்சிருந்தா தொடை என்ன ஆகியிருக்கும்? கேட்டா, "பத்து வருஷமா வேப்புக்குக் கம்பிக் காயில் சுத்தறேன், எனக்குத் தெரியாதா"ன்னு எங்கிட்டயே எகிறுறீங்க.

இன்னிக்குப் பெரிசா புகை விடற போட்டிக்கு நீங்க சுத்தி வச்ச காயிலை மீட்டர்ல வச்சுப் பார்த்தேன். 0.08 ஓம் காட்டுது. அது ஐம்பது ஆம்பியருக்கு மேல இழுக்கும். உங்க பேட்டரி தாங்கறது இருபதுதான். உங்க வேப் குழாயில கரண்ட்டைத் தடுக்க சிப்பும் கிடையாது. 0.25க்குக் கீழ போகாம வேற சுத்துங்க. புகை குறைஞ்சா குறையட்டும்.

உங்க கூட்டாளி ஓஜாங் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகப் பத்து மணிக்கு வண்டியோட வருவார். அவர்கிட்ட பழைய பேட்டரி எதுவும் வாங்கிப் போடாதீங்க.

யாயா

பி.கு. கிழிஞ்ச உறையை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டேன். என் முடி உலர்த்தற மெஷின் காத்துலதான் அதைச் சுருக்கினேன். பேட்டரி பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கு, அதுலயே வச்சு எடுத்துட்டுப் போங்க.

மெஷின்ல இன்னும் பிளாஸ்டிக் நாத்தம் போகல. ஈரத் தலையோடதான் சந்தைக்குப் போறேன். சாயங்காலம் நீங்கதான் துவட்டி விடணும். அதுக்கு உங்க ரெண்டு கையும் எனக்கு வேணும்.