மரியாதை வார்த்தை

திண்டிவனம்,
ஞாயிறு.

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் பேரன் வல்லரசும் அப்படியே இருக்க வேண்டும். அவனுக்குச் சளி விட்டதா. இங்கே விடாத மழை, கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க முடியாமல் கிடக்கிறது. அம்மா சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பேரன் பாஸ்போர்ட்டுக்கு நான் டைப் அடித்து அனுப்பிய அஃபிடவிட்டில் உன் பெயரை அடுத்து ‘காலஞ்சென்ற கோபியின் ரெலிக்ட்’ என்று போட்டிருந்தேன். விதவைக்குப் பழைய இங்கிலீஷில் அப்படி ஒரு சொல், நேர்ப்பொருள் விட்டுப்போன மிச்சம் என்பது, இன்று அந்த ஊர்க்காரர்களே எழுதுவதில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த உன் கூட்டாளி நர்ஸ் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றாய். ஏம்பா, நான் இன்னா மீந்துபோனவளா என்று கேட்டாய். கோர்ட்டு பாஷைம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பத்து நாளாக நீ கூப்பிடவில்லை.

பொருள் தெரியாமல் போட்டேன் என்று நினைக்காதே. தெரியும். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் தொழிலை எனக்குச் சொல்லித்தந்த தாண்டவராயன் கொடுத்த மாதிரித்தாளில் இருந்தது, கம்பீரமாக இருக்கிறதென்று முப்பத்தைந்து வருடமாகப் புருஷனை இழந்த எல்லாருக்கும் அதையே அடித்தேன். கெடார் வீரம்மாள் ஒருத்திதான் நான் படித்துக்காட்டியதும், ரேகை வைக்கும் முன் அது இன்னா வார்த்தைங்க என்று கேட்டாள். மரியாதை வார்த்தைம்மா, வை என்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது கலைமதி. வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய் டவுன் பஸ் பிடித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கெடாருக்குப் போனேன். அவள் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து, எம் பேருக்கு மரியாதை குடுத்து எழுதனது நீங்க ஒருத்தர்தாங்க, பேத்திகிட்டகூடக் காட்டிக்கினு இருக்கேன் என்றாள். அதன் பொருளை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததையும் சேர்த்து உன்னிடம் சொல்கிறேன்.

புதுத் தாள் இத்துடன் இருக்கிறது. கோபியின் மனைவி என்றே போட்டிருக்கிறேன், மாப்பிள்ளை காலமானது அடுத்த வரியில் வருகிறது. உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. காது மறைத்துத் துணி கட்டாமல் வெளியே போகாதே. திட்டுவதற்காவது ஒருமுறை கூப்பிடு. கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படித்துப் பார், அப்பா எழுதியதுதானே என்று நம்பிப் போட்டுவிடாதே.

உன் அப்பா,
பச்சைமுத்து