சதை எடுத்த கண்ணும் சவுதிக் கண்ணாடியும்

மச்சான்,

தொண்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துருவேன். மீன் ஆணம் அடுப்புமேல மூடியிருக்கு, சூடு பண்ணிக்கிருங்க.

"சதையை எடுக்கச் சொல்லி என் கண்ணையே கெடுத்துட்டியே"ன்னு நேத்து தெருவுக்கே கேக்கக் கத்துனீகளே, அப்பறம் எனக்குச் சோறு எறங்கலை. காலையில டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இத்தனை வருசமா கண்ணோரத்துலருந்து வளந்த அந்தச் சதை கருவிழியை இழுத்துப் புடிச்சுத் தட்டையாக்கி வச்சிருந்துச்சாம். அந்தக் கோணலுக்குத் தோதாத்தான் உங்க கண்ணாடியைச் செஞ்சிருக்காக. இப்பச் சதை போயிருச்சு, கருவிழி தன் வளைவுக்குத் திரும்பிக்கிட்டிருக்கு. பழைய பவர் எப்படிப் பொருந்தும்? சவுதியில செஞ்சது சோடை போகாதுன்னு அதையே மாட்டிக்கிட்டு, கண்ணு போச்சுங்கிறீக. ரெண்டு மாசத்துல கண்ணு ஒரு நெலைக்கு வந்ததும் புதுசுக்குப் பவர் பாப்பாகளாம். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீக.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பெறகு சொட்டு மருந்து, மறந்துறாதீக.

கோவம் இன்னும் இருந்தா வந்து வாங்கிக்கிறேன்.

ஜமீலா

கண்ணாடியை வீடெல்லாம் தேட வேணாம், என் பையில இருக்கு. சீட்டை எப்பவும்போலச் சின்ன எழுத்துலதான் எழுதிருக்கேன். இவ்வளவையும் வெறுங்கண்ணாலதானே படிச்சீக?