தயாபரன் மாஸ்ரரின் காது

நாரந்தனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனோஜினிக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நோர்வேயில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஃபோனில் சொல்லலாம், ஆனால் நான் கோபமாகப் பேசினால் நீ சிரிக்கிறாய், பிறகு பேச்சை மாற்றிவிடுகிறாய். பக்கத்து வீட்டு றெக்ஷன் லீவு முடிந்து ஒஸ்லோவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து முழுவதையும் படி. அப்பாவின் வலையை இழுவைப் படகு மறுபடியும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு வாசலில் இருந்து கிழிசலைப் பொத்துகிறார். என் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கோயில் பாடகர் குழுவிலிருந்து துரத்திய தயாபரன் மாஸ்ரருக்குக் காது போய்விட்டது. இன்னமும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று அவர்தான் பாட்டு நடத்துகிறார், ஆர்மோனியம் ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார், சொல்வதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. யாழ்ப்பாணத்தில் வாங்கிக் கொடுத்த காது கேட்கிற மெஷின் உள்ளுக்குள் விசில் அடிக்கிறதென்று கழற்றி அலுமாரிக்குள் எறிந்துவிட்டாராம். போன கிழமை அவருடைய மகள் கஜானி வந்து கதிரையில் இருந்து அழுதாள். “அன்ரி, பேரப்பிள்ளையள் கதைக்கிறது விளங்காமல் அப்பா சும்மா சிரிச்சுக்கொண்டிருக்கிறார். அனோஜினி கோயில் பெருநாளுக்கு வரேக்கை அந்த மெஷினை ஒருக்காச் சரிப்படுத்தித் தருவாவோ” என்று கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய்த் தனிய நின்று சிரித்தேன். அதைக் கண்டுவிட்டு அப்பா, “நீர் சிரிக்கிற சிரிப்பு நல்லதுக்கில்லை” என்றார்.

நீ எல்லாம் மறந்துவிட்டதாகச் சொல்கிறாய். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அன்று பெரிய வெள்ளி. பெரிய வியாழனோடு மணியும் ஆர்மோனியமும் நின்றுவிடும், உயிர்ப்பு வரைக்கும் வெறும் குரல்தான். சனமெல்லாம் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிட்டு முடியும்வரை பாட்டு நிற்கக்கூடாது. ஒவ்வொரு அடியாகப் பாடப் பாட மாஸ்ரரின் சுருதி கீழே இறங்க, குழுவும் அவருக்குப் பின்னால் இறங்கியது. நீ மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றாய். அவர் பாட்டை நிற்பாட்டி அத்தனை சனத்துக்கும் முன்னால், “மீன் கூவி விக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சுதி எங்கை விளங்கப்போகுது, இறங்கு கீழை” என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாய். நான் அப்போது வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து சிலுவையை முத்தமிட்டேன். அந்த முத்தத்தோடு ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் மீனை விற்று முடித்த கையோடு, வெறும் கடகப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, உன்னை யாழ்ப்பாணத்துக்குப் பாட்டுப் படிப்பிக்கிற நிரோஜினி ரீச்சரிடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். முதல்நாளே அவ அந்தப் பெரிய வெள்ளிப் பாட்டை ஒரு வாத்தியமும் இல்லாமல் முழுக்க உன்னைப் பாடவைத்து, முடிந்ததும் ஆர்மோனியக் கட்டையை அமத்திப் பார்த்துவிட்டு, “பிள்ளை தொடங்கின சுதியிலைதான் முடிக்கிறா, அண்டைக்கு இறங்கினது மற்ற ஆக்கள்” என்றா. அந்த ஆர்மோனியத்தையே தூக்கிக்கொண்டு மாஸ்ரர் வீட்டுக்குப் போகவேண்டும் போல இருந்தது எனக்கு. அவ விடவில்லை. வாயைத் திறக்கமுதல் காதைப் பழக்கவேண்டும் என்று சொல்லி, கிழமைக் கணக்காக உன்னைச் சுருதிப்பெட்டிக்கு முன்னால் சும்மா இருத்திக் கேட்கவைத்தா. பாட்டே சொல்லித் தருகிறாவில்லை என்று பஸ்ஸில் வரும்போது நீ அழுவாய்.

இப்போது அந்தக் காதை வைத்துத்தானே உன் சீவியம் நடக்கிறது. மற்றவர்கள் கொம்பியூட்டரில் கோடுகளைப் பார்த்துக் காது மெஷின் பொருத்த, நீ அதற்குள் இரைகிற சின்னச் சத்தத்தைப் பிடித்து அதைக் குறைத்து இதைக் கூட்டிச் சரிப்படுத்துகிறாயாம். வேறு இடத்தில் சரிவராத கிழவர்கள் உன்னிடம்தான் போவோம் என்று நிற்கிறார்களாம். உன்னிடம் கொண்டுவந்த அந்தச் சின்னப் பையனுக்கு இரண்டு காதும் போய்விட்டதென்று பெரிய டொக்டர் தொடக்கம் எல்லோரும் சொன்னபோது, இல்லை, ஒரு காது கேட்கிறது என்று நீ தனிய நின்றாயே, அது யூனிவேசிற்றியில் படித்ததா? எல்லோரும் இறங்கும்போது இறங்காமல் நிற்க நீ படித்தது எங்கே என்று எனக்குத் தெரியும். மாஸ்ரர் கோயிலில் வைத்து உடைக்கப் பார்த்ததும் அதைத்தான்.

“விடுங்கோ அம்மா, நான் எப்பவோ மன்னிச்சிட்டன்” என்று போன மாதம் சொன்னாய். உனக்குச் செய்ததை நீ மன்னிக்கலாம். எனக்குச் செய்ததை மன்னிக்க நீ யார்?

காது போனதே நல்லது, அப்படியே கிடக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தோசமாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவரை மறித்து, இத்தனை வருசமாக நெஞ்சுக்குள் கட்டிவைத்திருந்ததை ஒன்றும் மிச்சம் வைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னேன். மனிசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓம் ஓம், சுகமாய் இருக்கிறன் பிள்ளை. அனோஜினி எப்பிடி? அவவுக்குப் பாட்டுப் பழக்கினது நான்தானே” என்று சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. அவ்வளவும் சுவருக்குச் சொன்னதுபோல வீணாய்ப் போய்விட்டது.

ஆகையால் மகள், நீ பெருநாளுக்கு வரும்போது அவருக்கு அந்த மெஷினைச் சரிப்படுத்திக் கொடு. விசில் இல்லாமல், ஒரு சொல்லும் தப்பாமல் கேட்கவேண்டும். பேரப்பிள்ளைகளின் கதையும் கேட்டுவிட்டுப் போகட்டும், அதுகள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் காதில் முதலில் விழுவது என்னுடைய சொல்லாக இருக்கவேண்டும். நீ பொருத்தி முடித்துவிட்டு எழும்பி வெளியே வா, நான் உள்ளே போகிறேன். மீன் கூவுவதுபோலக் கத்தமாட்டேன். மெல்லத்தான் சொல்வேன், மெல்லச் சொன்னாலும் கேட்கும்படி வைத்துவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பிள்ளைக்கு என் முத்தம். சேசுவின் ஆசீர் உங்கள் மூவரோடும் இருக்கட்டும். அந்த மெஷினுக்குப் போடுகிற சின்னப் பற்றறிகளை மறக்காமல் நிறையக் கொண்டு வா. பாதியில் நின்றுவிட்டால் நான் திரும்ப முதலிலிருந்து சொல்லவேண்டிவரும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
மேரிஜோசப்பின்