கைதட்டு வேண்டாமாம்

நவம்பர் 14, வெள்ளி. மட்டாஞ்சேரி.

ஞாயிற்றுக்கிழமை, தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் சேர்ந்து நடக்கும் வானவில் ஊர்வலம். அதற்காக இன்று எர்ணாகுளத்தில் கூட்டம். திருநங்கைகள் என்று நானும் செல்வியும் மட்டும்தான். குடிக்கச் சாயா வந்ததும், ஊர்வலத்தை நடத்தும் விபின் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பாலக்காட்டுத் தமிழன். ஆண்களைக் காதலிப்பவன்; வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"அக்கா, கோச்சுக்காதீங்கோ. இந்தத் தடவை கைதட்டு மட்டும் வேண்டாம், கேட்டோ. டிவிக்காரா அதையே காட்டுவா. அப்பறம் எங்களையும் உங்க கூட்டம்னு நெனச்சுடுவா."

எங்களையும் என்றான். ஊர்வலத்தில் முகம் தெரியாமல் இருக்க மாஸ்க் போட்டு நடப்பவன் எனக்குச் சொல்கிறான்.

போன வருஷம் படகுத்துறைப் பக்கம் நாலைந்து பேர் கெட்ட வார்த்தை சொல்லி வழிமறித்தார்கள். நானும் செல்வியும் முன்னால் போய் ஓங்கித் தட்டினோம். விலகிப் போனார்கள். அதுவரை விபின் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அன்றைக்கு அவனுக்கு அந்தச் சத்தம் அசிங்கமாகப் படவில்லை.

"சரிடா, தட்டல. யாராவது மறிச்சா நீ முன்னாடி போ. நான் உன் சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கறேன்" என்றேன்.

அவன் சாயா கிளாசை எடுத்துக்கொண்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போனான். பாவம்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதற்காக என் கையைக் கட்டிக்கொள்ள முடியுமா?

திரும்பும்போது படகில் செல்வி கேட்டாள். "அப்போ ஞாயித்துக்கிழமை என்னக்கா பண்றது?"

பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினேன். படகு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளமே பார்க்கட்டும்.