ஏற மறுத்த பஸ்

காரிமங்கலம்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் ஆக்சிலியாவுக்கு அப்பா அருள்நாதன் எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும், உன்னைப் பார்த்துக்கொள்ளும் மதரோடும் சிஸ்டர்களோடும் இருப்பதாக. கன்னியர் பயிற்சி இல்லத்தில் போன் கிடையாது என்பதால் வழக்கமாக அம்மா சொல்வாள், நான் எழுதுவேன். இன்று அவள் கோயிலிலிருந்து இன்னும் வரவில்லை. நானே ஆரம்பித்துவிட்டேன்.

என் இடது கை முன்னைக்குத் தேவலை. டம்ளர் பிடிக்க வருகிறது. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை. மாமரங்களில் பூ நன்றாக இறங்கியிருக்கிறது. பனி கெடுக்காமல் இருக்க வேண்டும்.

உன் தம்பி அந்தோணி பிரகாஷ் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். அவன் கம்ப்யூட்டரில் ஓயாமல் ஆடும் பஸ் ஓட்டும் விளையாட்டு உனக்குத் தெரியும். அதில் நாமே ஒரு வண்டியைச் செய்து சேர்க்கலாமாம், அதை ‘மாட்’ என்கிறார்கள். நான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓட்டிய பஸ்ஸை அவன் அப்படியே செய்துவிட்டான். முன் கண்ணாடியில் என் செபமாலை தொங்குகிறது, பக்கத்தில் நம் கண்டக்டர் மாது மாமா கட்டும் எலுமிச்சம்பழமும் இருக்கிறது. ஏர் ஹாரன்கூட அதே சத்தம்.

ஸ்டாப் வந்தால் கூப்பிடுவது உன் குரல். நீ புறப்படுவதற்கு முந்தின வாரம் கண்டக்டர் மாதிரி அவன் போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாயே, அதைத்தான் போட்டிருக்கிறான். “பெரியாம்பட்டி எறங்கறவங்க எல்லாம் முன்னால வாங்க” என்று சொல்லி முடிக்க முடியாமல் சிரித்துவிடுகிறாய். அந்தச் சிரிப்பையும் அவன் வெட்டவில்லை.

பெங்களூரில் இப்படி விளையாட்டுகள் செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியிருந்தான். “உங்க பஸ் ‘மாட்’டை எல்லாரும் எறக்கி ஓட்டிப் பாக்கற மாதிரி வெளியில போடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள லிங்க் அனுப்புங்க” என்று பதில் வந்தது. அவனும் இந்த மாதிரி வண்டிகளைப் போடுகிற ஒரு வெப்சைட்டில் ஏற்றினான். ஃபைல் அளவு அதிகம் என்று சிவப்பு எழுத்தில் திருப்பிவிட்டது. அந்த வெப்சைட்டில் ஐம்பது எம்.பி.க்கு மேல் ஏறாதாம், நம் வண்டி தொண்ணூறைத் தாண்டியிருந்தது. பேரை மாற்றினான், ஜிப் செய்தான். திரும்பத் திரும்ப அதே சிவப்பு எழுத்து.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், “அப்பா, சவுண்டுதான் எடத்த அடைக்குதுன்னு நெனைக்கிறேன். அக்கா கொரல எடுத்துட்டா ஏறிப்பூடுங்க” என்றான். நான் உடனே, “எடுத்துரு சாமி, உன் வேலைதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி வெளியே போனேன். மாடு குடித்து முடித்தும் அங்கேயே நின்றேன்.

உள்ளே அவன் அழிக்கப் போனவன், அழிக்கவில்லை. எது எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறான். “அப்பா, உள்ள வாங்க!” என்று கத்தினான். உன் குரல் எல்லாம் சேர்ந்து மூன்று எம்.பி.கூட வரவில்லை. கனமெல்லாம் வண்டியின் பெயின்டுக்காக அவன் எடுத்த போட்டோக்கள். கல்யாண பேனர் அடிக்கிற அளவுக்குப் பெரிசாகவே வைத்திருந்தான். போதாததற்கு, வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய வண்டி ஒன்றும் உள்ளேயே கிடந்தது. அதைத் தூக்கி எறிந்து, படங்களைச் சுருக்கினான். நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டது.

அப்புறமும் ஏறவில்லை. இங்கே சிக்னல் பாதியில் அறுந்து அறுந்து, வந்து சேர்ந்த அளவு சரியில்லை என்று இன்னொரு தகராறு. வெள்ளிக்கிழமை காலை அதியமான்கோட்டையில் நவநீதன் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், கேபிள் நெட்டில் ஏற்றிவிட்டு வந்தான். வாசலில் வண்டியை நிறுத்தின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றைக்குள் எவ்வளவோ பேர் இறக்கி ஓட்டிவிட்டார்கள். ஓமனில் லாரி ஓட்டும் நம் பக்கத்துக்காரர் ஒருவர், “பெரியாம்பட்டின்னு கேட்டதும் கேமை நிறுத்திட்டு வூட்டுக்குப் போன் போட்டேன். யாருங்க அந்தப் பொண்ணு?” என்று எழுதியிருக்கிறார். தம்பி “எங்க அக்கா” என்று மட்டும் பதில் போட்டான்.

இப்போது அம்மா வந்துவிட்டாள். தம்பியைக் கம்பெனியில் அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார்கள் என்பதை முதலில் எழுதச் சொல்கிறாள். நல்ல சேதி. அவனுடைய பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்திருக்கிறாள். இனி வீட்டில் நானும் அவளும்தான் என்பதால் அரிசி குறைவாகப் போட்டுப் பழக வேண்டுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

துறவியாவதற்கு நீ ஆண்டவர் முன் வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்குத் தேதி குறித்து மதர் கடிதம் போட்டிருக்கிறார். நாங்கள் இருவரும் வருகிறோம். அம்மா ஒன்று கேட்க வந்தாள்; பிறகு அதை எழுத வேண்டாம் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். மதர் இதைப் படித்தாலும் என்னை மன்னிப்பார். அதனால் நானே எழுதுகிறேன்.

அன்றைக்குப் பீடத்தின் முன்னால் நிற்கும்போது மனசு நிறைந்திருந்தால், உன் வார்த்தைப்பாட்டைக் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல். கடைசி வரிசையில் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். நிறையவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம், எங்களுக்கு விளக்கமும் வேண்டாம். திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டோ மூன்று டிக்கெட்டோ, அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, தாயே.

உன் அப்பா,
அருள்நாதன்