12,026ஆம் ஆண்டிலிருந்து நஸ்ரீனுக்கு

என் நஸ்ரீனுக்கு,

மேலே போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நீதான். மற்ற எல்லோரும் நான் முன்னால் ஒரு ஒன்றைத் தெரியாமல் சேர்த்துவிட்டேன் என்றே நினைக்கிறார்கள். சமூக அறிவியல் டீச்சர் பரீட்சைத் தாளில் அந்த ஒன்றைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 'கவனம்' என்று எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நம் ஊருக்கு விடுதலை கிடைத்தது 11,954 என்று எழுதியிருந்தேன். எவ்வளவு கவனமாக எழுதினேன் என்று உனக்குத்தானே தெரியும்? பாகூரில் இதை முறையிட வேறு ஆளில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஏழாம் வகுப்பில் நம்மை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனார்களே, அன்றைக்குத் தொடங்கியது. ஆற்றோரம் உடைந்த செங்கல் சுவர். இங்கே வியாபாரம் கி.மு.வில் தொடங்கி கி.பி.யிலும் நடந்தது என்று டீச்சர் சொன்னார். மொத்தம் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டபோது ஆளுக்கொரு விடை வந்தது. ஒருத்தி கழித்தாள், ஒருத்தி கூட்டினாள். கி.மு. ஒன்றுக்கு அடுத்தது கி.பி. ஒன்று, நடுவில் பூஜ்யம் இல்லை என்பது கூட்டினவளுக்குத் தெரியவில்லை. நீ கணக்கே போடவில்லை. கையைத் தூக்கி, "மிஸ், கி.மு.வுல பொறந்த புள்ளைக்கு வயசு ஏறுமா எறங்குமா? வருஷம் கொறைஞ்சிகினே வருதே" என்று கேட்டாய். பஸ் ஏறும்வரை எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அப்புறம்தான் நூலகத்தில் ஒரு பழைய அறிவியல் இதழில் அந்தச் சின்னப் பத்தியைப் பார்த்தோம். மனிதர்கள் ஓரிடத்தில் தங்கிப் பயிர் செய்யத் தொடங்கிய காலத்தை ஒட்டி எண்ணிக்கையைத் தொடங்கலாம் என்று அதில் இருந்தது. இப்போதைய வருஷத்தோடு பத்தாயிரத்தைக் கூட்டினால் போதும். பின்னோக்கி எண்ண வேண்டாம். முதல் வயல், முதல் ஊர், அரிக்கமேடு, நம் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே திசையில் வந்துவிடும். எந்த ராஜாவும் வேண்டாம், எந்த மதமும் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே வருஷம். நீ அன்றைக்கே உன் நோட்டுகளில் எல்லாம் முன்னால் ஒன்று சேர்த்துவிட்டாய்.

வரிசை நடவுக்கு இழுத்துப் பிடிக்கிற கயிறு எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. அதில் காலத்தையே கட்டிவிடலாம் என்றாய். ஒரு சாணுக்கு நூறு வருஷம், சாணுக்கு ஒரு முடிச்சு. நாம் கயிற்றை எடுத்துக்கொண்டு போகும்போது அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நடவு வந்தா கயிறு வேணும். அதுக்குள்ள வரலாற முடிச்சிடுங்கம்மா." பாதி முடிச்சுப் போடுவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சரியாகிவிடும் என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, நீ போய்விட்டாய்.

அப்பா அந்த வருஷ நடவுக்குப் புதுக்கயிறு வாங்கிக்கொண்டார். இதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

மீதி முடிச்சுகளை நானே போட்டேன். பயிர் தொடங்கிய இடத்தில் பச்சை நூல், அரிக்கமேட்டுக்கு மஞ்சள், பாகூர் கோயில் கல்வெட்டுக்குச் சிவப்பு. அந்தக் கல்வெட்டில் ராஜாவுக்கு இத்தனையாவது வருஷம் என்றுதான் எண்ணியிருக்கிறார்கள். அடுத்த ராஜா வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து. அதைப் படித்தபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை தடவைதான் முதலிலிருந்து எண்ணுவார்கள்?

டிசம்பரில் பள்ளிக் கண்காட்சிக்குக் கயிற்றைக் கொண்டுபோனேன். அட்டையில் உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதியிருந்தேன். டீச்சர் நின்று முழுவதையும் பார்த்தார். நல்லாயிருக்கிறது, ஆனால் பாடத்தில் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்குப் புரியாது, கி.மு. கி.பி. என்று மாற்றிக் கட்டு என்றார். மாட்டேன் என்றேன். அப்போது ஒரு கேள்வி கேட்டார்: "சரி, உன் கயிறு தொடங்கறதுக்கு முன்னாடி மனுஷனே இல்லியா? அவங்கள எங்க வைப்ப?"

நியாயமான கேள்வி. அதுதான் என் எரிச்சலே. பயிர் செய்யாத மனிதர்கள் அதற்கு முன்னால் எத்தனையோ காலம் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே வருஷம் என்று எப்படிச் சொல்வது? நீ இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாய். குறைந்தபட்சம் டீச்சரைச் சிரிக்க வைத்திருப்பாய். நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். நமக்கு ஒதுக்கிய மூலையில் சோடா மாவு பொங்குகிற எரிமலையை வைத்தார்கள். பாகூரில் எவ்வளவு எரிமலை இருக்கிறது, பார்.

போகட்டும், உன் வருஷ நாளில் உங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று முடிவு செய்தேன். கண்காட்சி போனாலும் அந்த நாள் போகாது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்க அம்மாவிடம் நாம் செய்ததை முழுதாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நீ இருந்த வருஷங்களைக் குறிக்க நீல நூல் வாங்க உங்கள் கடைக்குப் போனேன். ஷட்டர் சாத்தியிருந்தது. வேண்டிய நேரத்தில் கடை திறக்கமாட்டார் என்று உங்க அப்பாவை, நீ அத்தா என்பாயே அவரை, மனதுக்குள் திட்டிக்கொண்டே வேறு கடையில் வாங்கினேன்.

ஜனவரியில் அந்தத் தேதி வந்ததும், பள்ளிக்கூடம் விட்டு வந்து, கயிற்றைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். உங்க அம்மா கதவைத் திறந்து, இன்னா மூட்டை கயலு என்றார். இன்றைக்கு நஸ்ரீனுக்கு வருஷம் என்றேன். அவர் திரும்பி உங்க அத்தாவைப் பார்த்தார்.

"வருஷம் அப்பவே முடிஞ்சிடுச்சேம்மா. ரஜப் மாசத்துல. ஓதி, சோறாக்கி எல்லாருக்கும் குடுத்துட்டோம்" என்றார் அத்தா. "அன்னிக்கி கடையகூட மூடியிருந்தனே, நீ பாக்கல?"

பார்த்தேன், நஸ்ரீன். பார்த்துவிட்டுத்தான் திட்டினேன்.

பிறைக் கணக்கு வருஷம், சூரியக் கணக்கு வருஷத்தைவிடச் சின்னது. உன் நாள் ஜனவரி பிறப்பதற்கு முன்பே வந்து போயிருக்கிறது. உங்க அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன கூப்புடணும்னு எனக்கு மனசுல இருந்திச்சி. பரீச்ச நேரம், புள்ளைய தொந்தரவு பண்ணாதன்னு இவருதான் சொன்னாரு. அன்னிக்கி பூரா வாசலையே பாத்துகினு இருந்தேன்."

கயிற்றைப் பிரித்தோம். தெருக்கதவிலிருந்து பின்கட்டுக் குழாய் வரை போய், இன்னும் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. இது பயிர், இது அரிக்கமேடு, இது வெள்ளைக்காரன் வந்தது என்று காட்டிக்கொண்டே வந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. என் புள்ள எங்கே என்று கேட்டார். கடைசி முடிச்சைத் தாண்டி நீல நூல் சுற்றிய இடத்தைக் காட்டினேன். இரண்டு விரல் அகலம். அவர் தன் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சரியாக மூடிக்கொண்டது.

"இதுல அந்த நாளு எங்கம்மா இருக்கு?" என்றார்.

நம் கயிற்றில் நாளுக்கு இடமே இல்லை. நாம் வருஷத்துக்கு முன்னால் ஒன்று சேர்த்தோம், அவ்வளவுதான். மாதமும் தேதியும் அதே ஜனவரி, அதே பத்து, பதினொன்று. எல்லா மனிதர்களுக்கும் ஒரே கணக்கு என்று பேசிவிட்டு, உங்கள் வீட்டு நாளையே தவறவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து தேடி எடுத்தேன். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் ரஜப், பிறை என்று இருக்கிறது. தினமும் காலையில் அந்தத் தாளைக் கிழிப்பது நான்தான். ராகுகாலம்வரை படிப்பேன், அந்த ஒரு வரியை மட்டும் படித்ததில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மாதப் பெயர்கள் எல்லாம் உனக்கு மனப்பாடம். நீயும் நானும் ஒரு வருஷம் முழுக்க வருஷத்தைப் பற்றியே பேசினோமே, ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அல்லது நீ சொல்லி, நான்தான் முடிச்சுப் போடுவதிலேயே குறியாக இருந்தேனா? இதை இனி யாரிடம் கேட்பது?

கயிறு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்க அம்மா கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

முன்னால் போடும் ஒன்றை நான் விடப்போவதில்லை. டீச்சருக்கு வேண்டியதை அடைப்புக்குறிக்குள் எழுதுவேன், வெளியே நம்முடையதைத்தான் எழுதுவேன். ஆனால் உன் நாளை இனி ஜனவரியில் தேடமாட்டேன். அடுத்த ரஜப்புக்கு எங்கள் மொட்டை மாடியில் நின்று நானே பிறை பார்ப்பேன். மேகம் மறைத்தால் உங்க அத்தாவிடம் ஓடிவந்து கேட்பேன். உங்க அம்மா வாசலைப் பார்ப்பதற்கு முன்பே, அரிசி களைய நான் உள்ளே இருப்பேன்.

உன்னோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
கயல்விழி
பாகூர்