மண்டபத்தில் கிடந்த நேரம்

என் பாசமுள்ள மதினிக்கு,

இன்று உங்களுக்குத் தலைத் தெவசம். பழங்காநத்தம் வீட்டில் அண்ணன் இந்நேரம் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, இலை விரித்திருக்கும். உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு கட்டாயம் இருக்கும். நான் அங்கே இல்லை. நீங்கள் படித்த அதே பயிற்சி நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் படிப்புக்குக் கடைசிப் பரீட்சை. என் பெயரை இன்னும் கூப்பிடவில்லை.

நானா என்று கேட்கிறீர்களா? நானேதான். தையல் கம்பெனியில் காஜா எடுத்து எடுத்துக் கழுத்து போன உங்கள் நாத்தனாதான்.

மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நீங்கள், நாற்பதைத் தாண்டிய வயதில் ஸ்பேனரைத் தூக்கியபோது நம் சொந்தமே வாயைப் பிளந்தது. வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிற நேரத்தில் ரிப்பேருக்கு ஒரு பெண் வந்தால் எவ்வளவு நிம்மதி என்று நீங்கள் யோசித்தீர்கள். வேறு யாருக்கு அது தோன்றியது? அப்போது நான் கேட்டது ஒன்றுதான். வாரமெல்லாம் வேலை, ஞாயிறு மட்டும் லீவு, இதில் படிக்க நேரம் எங்கே இருக்கிறது என்றேன்.

"நம்ம நேரம் அம்புட்டும் மண்டபத்துலதான் கெடக்கு சுமதி. போயி எடுத்துட்டு வரணும்" என்றீர்கள்.

உண்மைதானே. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிடாவெட்டு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மண்டபத்தில் தலையைக் காட்டிவிட்டு, மல்லிகைப் பூ வாடுவதற்குள் நாம்தான் வாடிப்போவோம். போகாவிட்டால் பொல்லாப்பு. அந்தப் பொல்லாப்புக்குப் பயந்தே பாதி ஆயுசு போய்விடுகிறது. நீங்கள் பயப்படவில்லை. நல்லதுக்கு வரமாட்டேன், கெட்டதுக்கு வராமல் இருக்கமாட்டேன் என்று எல்லார் முகத்துக்கும் நேராகச் சொன்னீர்கள். மொய்யையும் சீர்த்தட்டையும் அண்ணனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, டப்பாவில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனீர்கள்.

கொட்டாம்பட்டியில் உங்கள் சின்னம்மா பேரனுக்குக் காதுகுத்து நடந்தபோதும் அப்படித்தான். பிறந்த வீட்டு விசேஷத்துக்கே வராதவள் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சின்னம்மா பந்தலில் வைத்துச் சபதம் போட்டார். நான் அதை அப்படியே வந்து உங்களிடம் ஒப்பித்தேன். நாத்தனா வேலையைச் சரியாகப் பார்க்க வேண்டாமா? நீங்கள் சிரித்துவிட்டு, கம்ப்ரசர் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

அடுத்த சித்திரை வெயிலில் அந்தச் சின்னம்மாவின் வீட்டுக்காரர் தவறிப்போனார். அங்கே முதலில் போய் நின்றது நீங்கள்தான். வெளியூரில் இருக்கிற மகன் வந்துசேரும் வரை உடம்பை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டி, உச்சிவேளையில் குளிர்வது நின்றுபோனது. பெட்டிக்காரனைக் கேட்டால் வேறு பெட்டி சாயங்காலம்தான் வரும் என்றான். ஆம்பளைகள் ஆளுக்கொரு பக்கம் போன் போட்டார்கள். மகன் முகம் பார்ப்பதற்குள் என்ன ஆகுமோ என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நீங்கள் வண்டியிலிருந்து டூல் பெட்டியை எடுத்துவந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே உட்கார்ந்தீர்கள். வந்தவர்கள் மரியாதைக்குப் போட்ட மாலைகள் சரிந்து, காற்று போகிற வழியை அடைத்திருந்தன. ஒரு மாலையின் வாழைநார் உள்ளே போய் ஃபேனைச் சுற்றி இறுக்கியிருந்தது. நாரை அறுத்து எடுத்தீர்கள். சூடு தணியட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி பிளக்கைச் சொருகினீர்கள். பெட்டி உறுமத் தொடங்கியதும் ஒப்பாரி வைத்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். சின்னம்மா உங்கள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு உங்களைப் பார்த்து வந்த பெருமையை நான் உங்களிடம் சொன்னதே இல்லை, மதினி.

போன வருஷம் ஒரு வாரக் காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த டூல் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று அண்ணன் கேட்டபோது, என் கை தானாக நீண்டது. அதன் பிறகு நானும் மண்டபங்களில் இருந்து என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். எனக்கும் பொல்லாப்புக்குக் குறைவில்லை.

ஆனால் பரீட்சைத் தேதியும் உங்கள் தெவசமும் ஒரே நாளில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கெட்டதுக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். வகுப்பைத் தவறவிடக்கூடாது என்பதும் நீங்கள் போட்டதுதான். எதை மீறுவது? அண்ணனிடம் கேட்கத் தைரியமில்லை. நேற்று உங்கள் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பரீட்சைக்குப் போகப்போவதில்லை என்று மெதுவாகச் சொன்னேன். கொட்டாம்பட்டிச் சின்னம்மா அரிவாள்மனையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க படைக்கிறதுக்கு நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம். நீ போயி பரீட்சையப் பாரு. அவ வந்தா, இலைக்கு முன்னால உக்காந்திருக்கிற உன்னையத்தான் மொதல்ல வைவா" என்றார்.

சபதம் போட்ட அதே வாய்தான், மதினி. அண்ணன் போய் என் டூல் பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்தது.

அதோ, பெயரைக் கூப்பிடுகிறார்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். இனி நம் சொந்தத்தில் எந்தத் துக்க வீட்டில் ஃப்ரீசர் பெட்டி நின்றுபோனாலும், போன் வந்த அடுத்த நிமிஷம் நான் வண்டியை எடுப்பேன். அங்கே நீங்கள் இருந்திருந்தால் எப்படியோ, அப்படி இருப்பேன்.

குழம்பை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சாயங்காலம் வாரேன்.

உங்கள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற நாத்தனா,
சுமதி